ஒன்பதாம் நம்பர் மட்டை

1. கையில் ஊசியோடு

அந்தக் கையை நான் இரண்டாவதாகக் குத்தவில்லை. ஒன்பதாவதாகத்தான் குத்தினேன். இது எனக்கு விளங்கிய நேரம், சிறைச்சாலை மருத்துவ அறையில் பாக்கியம் என்ற ஐம்பத்தெட்டு வயது மனுசியின் முன்னங்கையைப் பிடித்தபடி நின்றேன். பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் சோதனை ஊசி என் மற்றக் கையில் இருந்தது. மேலே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

திருகோணமலையில் பாலியல் நோய்க் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் தாதியாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், “மிஸ், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, நாங்கள் படிக்கலாம்” என்று கேட்டார்கள். நான் கெட்டித்தனமாகச் செய்தவற்றை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதற்கு அரைப் பக்கம் போதும். எனவே நான் விட்ட பிழை ஒன்றை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சிறையின் பெயரை எழுதமாட்டேன். பெயர் சொல்லாதது எங்கள் தொழிலின் பழக்கம். இந்தக் கதையின் வில்லங்கமும் அந்தப் பழக்கத்தில்தான் தொடங்கியது.

2. பெயர் சொல்லாத பழக்கம்

எங்கள் கிளினிக்கில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அட்டையில் நம்பர்தான் இருக்கும். வீதியில் கண்டால் நாங்கள் முதலில் சிரிக்கமாட்டோம். அவர் சிரித்தால் சிரிப்போம். அவர் மறுபக்கம் பார்த்தால் நாங்களும் கடைப் பலகையை வாசிப்போம். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரில் இருந்தாலும் இதே சட்டம்தான். என் மனுசன், “உமக்கு இந்த ஊரில ஒருத்தரையும் தெரியாதோ?” என்று பகிடி பண்ணுவார். எனக்குப் பாதி ஊரைத் தெரியும். அதனால்தான் சிரிப்பதில்லை.

யாருடைய வீட்டுக்காவது போகவேண்டி வந்தால் வெள்ளைச் சட்டையோடு போகமாட்டோம். வாகனத்தை இரண்டு ஒழுங்கை தள்ளி நிறுத்திவிட்டு, சீலையோடு நடந்து போவோம்.

சிறையின் பெண்கள் பகுதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் இரத்தம் எடுப்போம். கள்ளச் சாராயமான கசிப்பு வழக்கு, போதைத் தூள் வழக்கு, லொட்ஜில் பிடிபட்டது, அடிபிடி என்று ரிமாண்டில் இருப்பவர்கள். என்ன வழக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. வெளியில் இருந்தால் இந்தப் பெண்கள் எங்கள் வாசற்படியை மிதிக்கமாட்டார்கள். சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், ஆனால் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது? உள்ளே இருக்கும்போது நாங்களே தேடிப் போகிறோம். விருப்பமா என்று கேட்டு, ஓம் என்றவர்களிடம் மட்டும் இரத்தம் எடுக்கிறோம். சிறையால் அவர்களுக்குக் கிடைத்த ஒரே இலாபம் இது என்று நான் சொல்வதுண்டு.

அங்கேயும் பெயர் சொல்லக்கூடாது என்பதற்காக நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். பழைய மருந்துப் பெட்டிகளை வெட்டி, ஒன்று இரண்டு என்று நம்பர் எழுதிய மட்டைகள். காலையில் பெண் ஜெயிலர் தன் பட்டியலின்படி ஆளுக்கொரு மட்டை கொடுப்பார். திரைக்குப் பின்னால் வரும் பெண் மட்டையை மேசையில் வைப்பாள். நான் அதே நம்பர் ஒட்டிய குழாயை எடுத்து இரத்தம் எடுப்பேன். நம்பருக்கு யார் என்பது என் பதிவுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். பெயர் கேட்பதில்லை, முகத்தை உற்றுப் பார்ப்பதில்லை. கொழும்பிலிருந்து வந்த பெரிய டொக்டர் ஒருவர் இதைப் பார்த்து, “வெரி குட் சிஸ்டர்” என்றார். அந்த “வெரி குட்” எனக்குள் பல வருடம் ஊறிக் கிடந்தது.

3. இரண்டாம் நம்பர்

அன்று பத்துப் பேர். இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன். ஊசி குத்துகிறவளுக்கு ஆட்களை முகமாக நினைவிருக்காது, கையாகத்தான் நினைவிருக்கும். அன்றைய கைகளில் ஒன்றின் நகங்களில் மங்கிப்போன மருதாணி இருந்தது. நரம்பு தானாகவே எழும்பி நின்றது, ஒரே குத்து. இன்னொரு கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய எரிகாயத் தழும்பு. நரம்பு தேடிக் களைத்துவிட்டேன். மற்ற எட்டும் சாதாரணக் கைகள்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. ஒன்பது பேருக்கு வி.டி.ஆர்.எல். சோதனை நொன்-ரியாக்டிவ், அதாவது நோய் இல்லை. இரண்டாம் நம்பருக்கு ரியாக்டிவ், அதுவும் நோயின் வேகத்தைக் காட்டும் டைட்டர் ஒன்றுக்கு முப்பத்திரண்டு. உறுதிப்படுத்தும் டெஸ்ட்டும் ரியாக்டிவ். சிபிலிஸ், ஊர்வாயில் கிரந்தி நோய். புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாம் நம்பர், பாக்கியம். கசிப்பு வழக்கு, விதவை.

அதே பட்டியலில் ஒன்பதாம் நம்பர் ரிஸானா. தூள் வழக்கு, ஏழு மாதக் கர்ப்பிணி. இருந்த இடத்தில் இல்லாமல் வீடு வீடாக மாறித் திரிந்ததில் அவள் ஒரு கிளினிக்குக்கும் போயிருக்கவில்லை. ரிமாண்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் கர்ப்பவதி அட்டையே போட்டார்கள். அந்த அட்டையில் வி.டி.ஆர்.எல். என்ற கட்டத்தில் “நொன்-ரியாக்டிவ்” என்று நானே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். கர்ப்பிணிக்கு இது தெரியாமல் இருந்தால் பிள்ளை வயிற்றிலேயே சாகலாம். தப்பிப் பிறந்தாலும் நோயோடு பிறக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்கு எப்போதும் மனம் நிறையும். அன்றும் நிறைந்தது.

பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவார், சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

“மிஸ்ஸி, என்ர மனுசன் செத்துப் பதினெட்டு வருசம். அதுக்குப் பிறகு நான் கட்டிப் பிடிச்சதெல்லாம் கசிப்புப் பரல்தான்.”

“அம்மா, இது உடம்புக்குள்ள சத்தம் போடாமல் எத்தினையோ வருசம் கிடக்கும். அவரிட்ட இருந்தும் வந்திருக்கலாம்.”

“அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க ஒண்டும் கொண்டுவந்து தரேல்ல. செத்தாப் பிறகோ தரப்போறார்?”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் “எனக்கு இருக்க ஏலாது” என்பது நாங்கள் தினமும் கேட்கும் பாட்டு. இத்தனை பழைய நோய்க்கு இந்த டைட்டர் கூடுதலாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. அதைத் தள்ளிவிட்டேன். பெரிய ஊசி மூன்று, கிழமைக்கு ஒன்று என்று டொக்டர் எழுதினார். முதல் கிழமை சோதனை ஊசியை என்னோடு வந்த மற்றத் தாதி போட்டார். அரை மணித்தியாலம் கழித்து நான் பெரிய ஊசியை இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் போட்டேன்.

அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். மருந்து மாவு கரைத்ததுபோல் தடிப்பாக இருக்கும். போட்டுக்கொண்டு எழும்பினால் இரண்டு நாளைக்கு ஒரு நடை வரும். காலை அகட்டி, சுடுமணலில் நடப்பதுபோல் மெல்ல மெல்ல. ஊசி போட்டதை நாங்கள் எவ்வளவு மறைத்தாலும் அந்த நடையை மறைக்க முடியாது.

4. டொக்டரின் ஒரே கேள்வி

இரண்டாம் கிழமை மற்றத் தாதி லீவு. சோதனை ஊசியையும் நானே போடவேண்டி வந்தது. பாக்கியம் கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிகாயத் தழும்பு.

நரம்பு தேடிக் களைத்த கை. அன்று அது கடைசிக்கு முந்திய கை. அது இரண்டாவதாக வரவில்லை.

“அம்மா,” என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்திருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “இரத்தம் எடுத்த அண்டைக்கு உங்கட கையில எத்தினையாம் மட்டை?”

“கடைசிக்கு முந்தினது. ஒன்பது.”

“உங்களுக்கு ஜெயிலர் நோனா தந்தது இரண்டு எல்லோ?”

“ஓம். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பிள்ளைக்குக் கால் ரெண்டும் வீங்கி, நிக்க ஏலாமச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. நீ முதல் போ மகள் எண்டு என்ரைய அதுக்குக் குடுத்திட்டு அதின்ரைய நான் வாங்கினனான். அண்டைக்கு மாத்தினது நாங்கள் ரெண்டு பேரும்தான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன் மிஸ்ஸி கேக்கிறீங்கள்?”

“சும்மா.”

ஊசியைத் தட்டில் வைத்தேன். அன்று அவருக்கு ஒன்றும் போடவில்லை. திரும்ப ஒருமுறை பார்க்கவேண்டும் என்று இரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் வேலையாகப் பெண் ஜெயிலரிடம் போனேன். அவரை எல்லோரும் நோனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நோனா, ரிஸானாவை ஒருக்கால் கூப்பிட ஏலுமா?”

“அவ போயிட்டா மிஸ்ஸி. பிணை கிடைச்சு நாலு நாள்.”

கிளினிக்குக்கு வந்து டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் மகனின் வயதுக்காரர். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் பிள்ளையின்ர கர்ப்பவதி அட்டையில என்ன எழுதி விட்டனீங்கள்?”

“நொன்-ரியாக்டிவ் எண்டு.”

அவர் நெற்றியைத் தேய்த்தார். இனி எந்த மிட்வைஃப் அந்த அட்டையைப் பார்த்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் அவள் பிள்ளை பெறப் போனாலும், என் கையெழுத்தைப் பார்த்து “இது பார்த்தாச்சு” என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். யாரும் இன்னொருமுறை இரத்தம் எடுக்கப்போவதில்லை. சோதிக்காமலே விட்டிருந்தால்கூட யாராவது சோதித்திருப்பார்கள். 

டொக்டர் கலண்டரைப் பார்த்தார். “முப்பத்தொரு கிழமை நடக்குது. பிள்ளை பிறக்கிறதுக்கு நாலு கிழமைக்கு முன்னமாவது ஊசி போட்டிருக்கோணும். முந்திப் பிறந்தால் எங்களுக்கு நேரமே இல்லை. பாக்கியத்தின்ர ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலமை போங்கோ.” வாசலுக்கு வந்த பிறகு பின்னால் சொன்னார்: “அந்தப் பத்துப் பேருக்கும் நான் திரும்ப எடுக்கச் சொல்லுறன். நீங்கள் இதை மட்டும் பாருங்கோ.”

அன்று ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு எப்படி ஏறிப் போனேன் என்று தெரியாது. மனுசன் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். இந்தத் தொழிலில் இருப்பவள் வீட்டில் எதையும் சொல்ல முடியாது. தலையிடி என்றேன்.

5. குறிஞ்சாக்கேணியில் கிணற்றடி

பிணைக்குக் கொடுத்த விலாசம் குறிஞ்சாக்கேணி. கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய், கிளினிக் வாகனத்தை ஒரு பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தேன். கடற்கரைச் சேற்று வாசம் வீசியது. இரண்டு வீட்டில் விசாரித்தேன், ரிஸானாவைப் பற்றி அல்ல, அவளுடைய மாமியைப் பற்றி.

மாமிதான் கதவைத் திறந்தார். முக்காட்டை இழுத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

“ஆரு நீங்க?”

“பிள்ளைத்தாச்சிக் கிளினிக் விசயமா வந்தனான் உம்மா. உங்கட மருமகளின்ர அட்டையில ஒரு இடம் பிழையா எழுதிப்போட்டம். அதைத் திருத்தோணும்.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. வழியெல்லாம் யோசித்துக் கட்டிய வசனம் அது.

ரிஸானா உள்ளிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “என்ட பிணைய ரத்துப் பண்ணிட்டாங்களா மிஸ்ஸி? திரும்பக் கொண்டு போகவா வந்தீங்க?”

“இல்லை பிள்ளை, இல்லை. வழக்குக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

மாமி நகருவதாக இல்லை. எதிரில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். இரத்தம் குறைவு, இரும்புக் குளிசை என்று நான் பத்து நிமிடம் கதையை நீட்டினேன். கடைசியில், “நடந்து வந்தது, கை கால் கழுவோணும்” என்றேன். “மருமகளே, கிணத்தடியக் காட்டு. நான் தேத்தண்ணி ஊத்துறன்” என்று மாமி குசினிக்குள் போனார். அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் நன்றி.

ரிஸானா வாளியால் தண்ணீர் ஊற்றினாள். நகங்களில் மருதாணி இப்போது நுனியில் மட்டும் இருந்தது. நான் குனிந்து கால் கழுவுவதுபோல் நின்றபடி சொன்னேன். மட்டை மாறியதைச் சொன்னேன். நோய் காட்டிய இரத்தம் அவளுடையது என்று சொன்னேன்.

“பாக்கியம் அம்மா பாவமெண்டு தந்தாங்க. நான் வாங்கினது பிழையா?”

“உன்னில பிழையில்லை, அவவிலயும் இல்லை. நான் ஒருதரம் உன்ர பெயரைக் கேட்டிருந்தால் சரி. நான் கேக்கேல்ல.”

அவள் வயிற்றில் கையை வைத்தாள். “புள்ளைக்கு?”

“காப்பாத்தலாம். நாளைக்கே கிளினிக்குக்கு வந்தால் காப்பாத்தலாம். ஊசி நோகும், ஆனால் மருந்து பிள்ளைக்கும் போய்ச் சேரும்.”

வாளியில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவள் என் காலில் ஊற்றினாள். பிறகு வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “அந்தத் தூள் பொதியும் என்ட புருசன் கொண்டு வந்ததுதான் மிஸ்ஸி. வீட்டுல இருந்தது நான், அதால நான் உள்ளுக்குப் போனன். இதயும் அவர்தானே கொண்டு வந்திருக்கார்?”

யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது எங்கள் வேலை இல்லை என்று வகுப்பில் படிப்பித்திருக்கிறார்கள். கிணற்றடியில் நின்ற அந்தப் பிள்ளையிடம் வகுப்புப் பாடத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அவரும் வந்து ஊசி போடோணும். இல்லாட்டி உனக்குத் திரும்பவும் வரும்” என்று மட்டும் சொன்னேன். “அவருக்கு நீ சொல்லுறியா, நாங்கள் சொல்லவா?”

“நான் சொல்றன்,” என்றாள். அந்தக் குரலைக் கேட்டபோது, புருசனுக்காக எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

6. ஹெல்மெட்

அடுத்த நாள் எட்டு மணிக்கே நான் கிளினிக் வாசலில் நின்றேன். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. கேற்றடியில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அதைத் துரத்துவதற்குக்கூட எனக்கு மனமில்லை. வராவிட்டால் என்ன செய்வது? திரும்பவும் போனால் மாமி என்ன நினைப்பார்? பத்தரைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து ரிஸானா இறங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மான் தன்பாட்டில் போய்விட்டது.

ஓட்டி வந்த புருசன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதோடேயே உள்ளே வந்தான், அதோடேயே வாங்குப் பலகையில் இருந்தான், அதோடேயே டொக்டரின் அறைக்குள் போனான். டொக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, நான் பார்க்கவேண்டிய இடம் அது இல்லை” என்றார். ஊசி போட்டதும் அவன் மயங்கி விழுந்தான். ஹெல்மெட் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ரிஸானா ஒரு முனகலும் இல்லாமல் ஊசியை வாங்கினாள். ஒரு கிழமை கழித்து இரண்டாவது ஊசி. அவளுடைய இரத்தத்தைத் திரும்பவும் பார்த்ததில், டைட்டர் அதே ஒன்றுக்கு முப்பத்திரண்டு. அட்டையில் என் பழைய எழுத்தின் மேல் ஒரு கோடு கீறி, சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். என் தொழிலில் நான் வைத்த கையெழுத்துகளில் எனக்கு அதிகம் நினைவிருப்பது அதுதான்.

7. பாக்கியத்தின் நடை

பாக்கியத்தின் ரிப்போர்ட் வந்தது. இரண்டு டெஸ்ட்டும் நொன்-ரியாக்டிவ். மற்ற எட்டுப் பேருக்கும் அப்படியே. உறுதிப்படுத்தும் டெஸ்ட் ஒருமுறை ரியாக்டிவ் என்று வந்தால் ஊசி போட்டாலும் அநேகமாக மாறாது. எனவே அவருக்கு நோய் வந்ததே இல்லை. அதைச் சொல்ல, ஊசிக்குக் குறித்த அடுத்த நாளில் போனேன்.

பெண்கள் பகுதிக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, சன்னலில் தனியாக வைத்திருந்த ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை. அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. பாக்கியத்தின் பாயும் மற்றப் பாய்களோடு இல்லை, கழிவறைப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தது. முதல் ஊசி போட்ட அன்று அந்த நடையைப் பார்த்தே எல்லோரும் அறிந்துவிட்டார்கள். நான் பெயரை மறைத்து, நம்பரை மறைத்து, நோயே இல்லாத மனுசியைப் பிடித்து அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

திரைக்குப் பின்னால் சொன்னேன்.

“அம்மா, உங்கட இரத்தத்தில ஒண்டும் இல்லை. முதல் சொன்னது பிழை. பிழை விட்டது நான்.”

அவர் யோசித்தார். “அப்ப அந்த ஊசி சும்மா?”

“ஓம்.”

“ரெண்டு பக்கமும்.”

“ஓம் அம்மா.”

“மூண்டு நாள் குப்புறக் கிடந்தனான், பிள்ள.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“சரி, இனித் திருப்பி எடுக்க ஏலுமோ?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?”

“எந்தப் பிள்ளைக்கு?” என்று கேட்டேன். சட்டப்படி நான் கேட்கவேண்டியது அது.

பாக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஓம், எந்தப் பிள்ளை. நான் ஒண்டும் கேக்கேல்ல.”

“நான் இப்பவே வெளியில போய், இவவுக்கு ஒரு நோயும் இல்லை, கிளினிக்கின்ர பிழை எண்டு எல்லாருக்கும் சொல்லுறன். அந்தக் கோப்பை நூலை நானே அறுக்கிறன்.”

அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

“விசர்க் கதை கதையாதேங்கோ மிஸ்ஸி. எனக்கில்லை எண்டு சொன்னால், அப்ப ஆருக்கு எண்டு தேடுவாளவை. நாங்கள் ரெண்டு பேரும் மட்டை மாத்தினதை எல்லாளவையும் பாத்துக்கொண்டுதான் நிண்டவளவை. இதுக்குள்ள ரெண்டு பேர் கிண்ணியாப் பக்கம். கதை அடுத்த நாளே அங்க போயிடும். அதுக்கு மாமி இருக்கு, பிறக்கப்போற பிள்ளை இருக்கு. எனக்கு ஆர் இருக்கினம்? கசிப்புக்காரி எண்டு பேர் எடுத்தாச்சு. இதோட இன்னொண்டு கிடக்கட்டும்.”

இத்தனை வருடம் இரகசியம் காப்பதைப் பற்றி வகுப்பெடுத்தவள் நான். அந்த வாங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இருந்தேன்.

“அப்ப என்ன செய்யிறது?” என்று அவரிடமே கேட்டேன்.

“மூண்டு ஊசி எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒண்டோட நிப்பாட்டினாலும் சந்தேகம் வரும்.” எழும்பினார். சட்டையை இழுத்துவிட்டார். “இதில கொஞ்ச நேரம் இருந்திட்டு நான் நடந்து போறன், பாருங்கோ.”

அரை மணித்தியாலம் இருந்தோம். பிறகு அவர் “ஐயோ அம்மா” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, திரையை விலக்கி, காலை அகட்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். நான் வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தேன்.

அடுத்த கிழமையும் அப்படியே. அந்த முறை நடிப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. நோனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மிஸ்ஸி, கொஞ்சம் மெதுவாப் போடுங்க. பாவம், வயசான மனுசி” என்று கண்டித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு “சரி நோனா” என்றேன்.

கோப்பை விசயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. அன்று எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது, சன்னலில் இருந்த சிவப்பு நூல் கோப்பையை நானே எடுத்து நீட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதில் வாங்கிக் குடித்தேன். கோப்பையால் இது வராது என்று பட மட்டைகள் வைத்து எத்தனையோ தரம் வகுப்பெடுத்திருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. அதற்கடுத்த முறை போனபோது அந்தக் கோப்பை எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நூலைக் காணவில்லை. பாயும் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

8. பஸ் ஸ்டாண்ட்

ரிஸானாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நாள் தவறாமல், நல்ல நிறையோடு. பிறந்தபோது பிள்ளையின் இரத்தத்தில் தாயிடமிருந்து வந்த மெல்லிய சுவடு இருந்தது. அது தானாகப் போகவேண்டியது, ஆனால் போகும்வரை எங்களுக்கு நிம்மதி இல்லை. மூன்றாம் மாதம் டொக்டர் ரிப்போர்ட்டைத் தன் மேசையிலிருந்து என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். நொன்-ரியாக்டிவ். அந்தச் சொல்லை நான் ஆயிரம் தரம் எழுதியிருப்பேன். அன்றுதான் வாசித்தேன். நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. ரிஸானாவின் மடியிலிருந்த பிள்ளை என் பேனையைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தது.

“பாக்கியம் அம்மாட்ட மட்டும் நீங்க சொல்லலாம் மிஸ்ஸி,” என்றாள் ரிஸானா. “அவங்களுக்குத் தெரியணும்.”

நான் போனபோது பாக்கியம் விடுதலையாகிப் போய் ஒரு கிழமை ஆகியிருந்தது. நோயில்லாத ஆளை வீட்டில் தேடிப் போகக் கிளினிக்குக்கு ஒரு காரணமும் இல்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தது இதுதான். மட்டையை நம்பாதீர்கள். திரைக்குள் ஒருவர் ஒருவராக வரவிட்டு, அவர் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து, அவர் கண் முன்னால் குழாயில் எழுதுங்கள். மெதுவாகக் கேட்டால் வெளியில் கேட்காது. முகத்தைப் பாருங்கள். ஒருவர் “எனக்கு இருக்க ஏலாது” என்று சொன்னால், நூற்றில் ஒருமுறை அது உண்மையாக இருக்கலாம். இரத்தம் திரும்ப எடுக்க ஐந்து நிமிடம்தான். இரகசியம் காக்கிறோம் என்ற பெருமையில் ஆளையே மறந்துவிடாதீர்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எதிர்ப் பக்கம், ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரோடு, மரக்கறிப் பையும் கையுமாகப் பாக்கியம். என்னைக் கண்டுவிட்டார். எங்கள் சட்டப்படி நான் முதலில் சிரிக்கக்கூடாது. அவரும் சிரிக்கவில்லை. ஆர் இந்த மிஸ், எங்க பழக்கம் என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள் அல்லவா?

ஆனால் பையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, காலை அகட்டி, சுடுமணலில் நடப்பதுபோல் மெல்ல மெல்ல நாலு அடி வைத்தார். பக்கத்தில் நின்றவள், “என்னக்கா, கால் பிடிச்சிட்டுதோ?” என்று கேட்டது எனக்கும் கேட்டது.

நான் கடைப் பலகையை வாசிக்கவில்லை. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் குழந்தையை ஏந்துவதுபோல் பிடித்து, ஒருமுறை ஆட்டினேன். சுகம் என்பதுபோல் தலையையும் ஆட்டினேன்.

பாக்கியம் நின்றார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு பக்கத்திலிருந்தவளிடம், “இப்ப சுகமாயிட்டுது” என்று சொல்லிவிட்டு, நேராக நடந்து போய் பஸ்ஸில் ஏறினார்.